இளம் வாசகரின் தீர்ப்பு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இறையனார் களவியலுக்கு எழுந்த உரை ஒரு செய்தியைச் சொல்கிறது. அந்நூலின் அறுபது நூற்பாக்களுக்கும் சங்கப் புலவர்கள் தனித்தனியே உரை கண்டனர். எது மெய்யுரை என்பதில் பிணக்கு எழுந்தது. அதைத் தீர்க்கக் கன்மாப் பலகையில் நடுவனாக அமர்த்தப்பெற்றவன் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். அவன் ஐந்து வயதுச் சிறுவன். வாய் பேச இயலாதவன். புலவர் பலர் தத்தம் உரையைச் சொன்னபோது அவன் வாளா இருந்தான். மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் மட்டும் உருகினான். நக்கீரனார் உரைத்தபோதோ சொல்லுக்குச் சொல் அவன் கண்கள் நீர் சொரிந்தன. உடல் புளகம் கொண்டது. அதுவே மெய்யுரை எனப் புலவர் அனைவரும் ஏற்றுக்கொண்டனர்.

இது வரலாறா, புனைவா என்பது ஆராய்ச்சியாளர்க்குரிய வினா. ஆனால், ஒரு நூலின் தகுதியை அளக்க ஒரு சிறுவனைப் பலகையில் ஏற்றலாம் என்று நம் முன்னோர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர் என்பது மட்டும் உறுதி. இன்றைய உரையின் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தோற்றுவாய் வேறில்லை. பதின்பருவத்தினருக்காக எழுதப்பெறும் மாயப் புனைகதைகளைப் பற்றி அப்பருவத்தினரே சொல்லும் கருத்துகளுக்கு என்ன மதிப்பு? அவர்களுக்குப் பலகையில் இடம் உண்டா? இதுவே கேள்வி.

எழுதுவோரும் பெரியோர், தேர்வோரும் பெரியோர்

ஆங்கிலத்தில் 'ஃபேன்டஸி' எனப்படும் மாயப் புனைகதை, நம் விக்கிரமாதித்தன் கதைக்கும் மதனகாமராசன் கதைக்கும் தூரத்து உறவு. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய கதைகளில் மாயம் நம் உலகத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. இக்காலப் புனைகதையோ தனக்கென ஓர் உலகைப் படைத்து, அதற்கு நிலப்படம் வரைந்து, மொழியும் வரலாறும் சட்டமும் வகுத்துக்கொள்கிறது. அவ்வுலகுக்குள் முதலில் குடியேறுவோர் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட வாசகரே.

அப்பருவத்தினர்க்கெனத் தனி நூற்பட்டியல் வேண்டும் என்று முதலில் உணர்ந்தோர் நூலகர்கள். நியூயார்க் பொது நூலகம் 1929 முதலே பதின்பருவத்தினருக்கான நூற்பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் 1957-இல் இவர்களுக்கெனத் தனிப் பிரிவு கண்டது. இவை போற்றத்தக்க பணிகள். எனினும் ஒரு விந்தையை மறுக்க இயலாது. இந்நூல்களை எழுதுவோர் பெரியோர், அச்சிடுவோர் பெரியோர், விலை கொடுத்து வாங்குவோர் பெரும்பாலும் பெரியோர், மதிப்புரை எழுதுவோரும் பரிசு வழங்குவோரும் பெரியோரே. யாருக்காக நூல் எழுதப்பெற்றதோ அவர் மட்டும் உருத்திரசன்மனைப் போல் வாய் திறவாமல் இருக்கிறார். அவனுக்காவது பலகை கிடைத்தது.

ஒரு ஷில்லிங் மதிப்புரை

இம்மௌனம் கலைந்த நிகழ்ச்சிகள் சில உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது 1936-இல் இலண்டனில் நிகழ்ந்தது. ஜார்ஜ் ஆலன் அண்டு அன்வின் என்னும் பதிப்பகத்தின் தலைவர் ஸ்டான்லி அன்வின், சிறுவர் நூல்களைப் பற்றிச் சிறுவரே நன்கு தீர்ப்புக் கூற வல்லவர் என்று நம்பினார். கையெழுத்துப் படி ஒன்று வந்தால் தம் மகன் ரேனரிடம் படிக்கக் கொடுப்பார். மதிப்புரை எழுதினால் ஒரு ஷில்லிங் கூலி. அவ்வாண்டு அக்டோபரில் அச்சிறுவன் கைக்கு வந்தது, ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஒருவர் எழுதிய கதை. பேராசிரியர் பெயர் டோல்கியன். கதையின் பெயர் 'தி ஹாபிட்'.

பத்து வயது ரேனர் எழுதிய மதிப்புரை ஒரு சிறு தாளில் அடங்கும். எழுத்துப் பிழைகளும் உண்டு. கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டு, நூல் நன்றாக இருக்கிறது, நிலப்படங்கள் இருப்பதால் ஓவியங்கள் தேவையில்லை, ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவரையும் இது கவரும் என்று முடித்திருந்தான். நூல் 1937 செப்டம்பரில் வெளிவந்தது. முதற்பதிப்பின் 1,500 படிகளும் அவ்வாண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன.

இந்த மதிப்புரையைப் பலர் வேடிக்கையாகவே நினைவுகூர்வர். ஆனால் அதில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, நிலப்படம் இருக்க ஓவியம் எதற்கு என்ற கருத்து. கற்பனை உலகுக்குள் செல்ல வழி தெரிந்தால் போதும், காட்சியைத் தானே கண்டுகொள்வேன் என்னும் வாசகனின் தன்னுரிமை அதில் ஒலிக்கிறது. இரண்டாவது, நூல் ஐந்து முதல் ஒன்பது வயதினர்க்கு உரியது என்ற கணிப்பு. சொன்னவனுக்கு வயது பத்து! தான் அப்பருவத்தைக் கடந்துவிட்டதாக அவன் கருதினான். ஆனால் விருப்பத்தோடு படித்தும் முடித்தான். வளரும் பிள்ளை எப்போதும் சற்று முன்பு தான் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறது. 'இது சின்னப் பிள்ளைகளுக்கானது' என்று பதின்பருவத்தினர் சொன்னால், அது இகழ்ச்சி என்று முடிவு செய்துவிடக் கூடாது. தான் வளர்ந்துவிட்டதை அறிவிக்கும் பெருமையாகவும் அது இருக்கலாம். மூன்றாவது, அச்சொல்லை நம்பிப் பதிப்பகம் பொருளை முதலீடு செய்தது. கருத்தைக் கேட்டதோடு நில்லாமல் அதன்படி நடந்ததும் ஸ்டான்லி அன்வினின் சிறப்பு.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. ரேனர் வளர்ந்து தந்தையின் நிறுவனத்திலேயே பணியாற்றினார். டோல்கியனின் அடுத்த பெருநூலான 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' அவர் கைக்கு வந்தபோது, இதனால் ஆயிரம் பவுன் இழப்பு நேரலாம் என்று அயல்நாட்டிலிருந்த தந்தைக்கு எழுதினார். மேதைமை மிக்க படைப்பு என நீ நம்பினால் ஆயிரம் பவுனை இழக்கலாம் என்பது தந்தையின் மறுமொழி. 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக அந்நூல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. பத்து வயதில் தன் சொல்லுக்கு மதிப்புக் கிடைத்த பிள்ளை, பின்னாளில் துணிந்து தீர்ப்புச் சொல்லும் பதிப்பாளரானார்.

எழுத்தாளர்க்கு வந்த மடல்கள்

பதிப்பகத்தார் வீட்டுப் பிள்ளைக்கு வாய்த்த பேறு எல்லார்க்கும் வாய்க்காது. ஏனையோர்க்கு இருந்த ஒரே வழி எழுத்தாளர்க்கு மடல் எழுதுவது. அவ்வகையில் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் பெற்ற மடல்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

கலிபோர்னியாவிலிருந்த பார்னசஸ் என்னும் சிறு பதிப்பகத்தார், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நூல் எழுதுமாறு அவரைக் கேட்டனர். அவ்வேண்டுகோளின் விளைவே 1968-இல் வெளிவந்த 'எ விசர்டு ஆஃப் எர்த்சீ'. தீவுகளாலான உலகில், மந்திரம் கற்கும் கெட் என்னும் இளைஞன் செருக்கினால் ஒரு நிழலை எழுப்பிவிட்டு, பின்பு அந்நிழலையே தேடிச் சென்று எதிர்கொள்ளும் கதை அது. அக்கதை மாந்தருட் பெரும்பாலோர் செம்பழுப்பு நிறத்தவர், கருநிறத்தவர். வெள்ளை நிறத்தவர் ஓர் ஓரத்துத் தீவினர். மாயப் புனைகதை என்றாலே தலைவன் வெண்ணிறத்தவன் என்றிருந்த காலத்தில் லெ குவின் இதைத் திட்டமிட்டே செய்தார், ஆரவாரமின்றிச் செய்தார். தலைவனோடு வாசகர் ஒன்றிவிட்ட பிறகே அவன் நிறம் மெல்லத் தெரியவரும்.

பெரியோர் பலர் இதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மேலட்டை ஓவியங்கள் பலவற்றில் கெட் வெள்ளையனாகவே நின்றான். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அவன் வெள்ளையனாக்கப்பட்டான். அப்போது லெ குவின் வெளிப்படையாகக் கண்டனம் எழுதினார். அதில் அவர் ஒன்றைக் குறிப்பிட்டார்: வெள்ளையரல்லாத வாசகர் சிலர், இவ்வகை நூல்களில் தமக்கும் இடமுண்டு என்று உணர்த்தியவை எர்த்சீ நூல்கள் மட்டுமே என்றும், பதின்பருவத்தில் அது தமக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்றும் அவருக்குத் தெரிவித்திருந்தனர். அத்தகைய சொற்கள் அடிக்கடி வந்தவை அல்ல. ஆனால் நெஞ்சை உருக்குபவை.

இங்கே இளம் வாசகர் கண்டது ஓவியர் காணத் தவறியதை. தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வேண்டாமென்று தள்ளியதை. தனக்கு அந்நூல் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அதைப் படித்தவரன்றி வேறு யாரால் சொல்ல முடியும்?

இதே வகையில் இன்னொரு நிகழ்ச்சி. கிறிஸ்டோபர் பவோலினி என்னும் இளைஞர் பதினைந்தாம் வயதில் எழுதத் தொடங்கிய 'எரகான்' என்னும் பறவைநாகக் கதையை 2002-இல் அவர் குடும்பத்தாரே அச்சிட்டனர். பவோலினி பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் நேரிற் சென்று, இடைக்கால உடை தரித்து நின்று நூலைப் பற்றிப் பேசினார். எழுத்தாளர் கார்ல் ஹையாசனின் வளர்ப்பு மகனான சிறுவன் மொன்டானா மாநிலத்தில் அதை வாங்கிப் படித்துப் பெரிதும் புகழ்ந்தான். ஹையாசன் அச்சொல்லைத் தம் பதிப்பாளரான நாஃப் நிறுவனத்திடம் கொண்டு சென்றார். 2003-இல் நாஃப் பதிப்பு வெளிவந்தது. இளைஞர் எழுதியதை இளைஞர் கண்டுகொண்டார். ஒரு பெரியவர் செவிசாய்த்தார்.

பூட்டிய அலமாரி

கருத்துச் சொல்வது இன்பமாக மட்டும் இருந்ததில்லை. சில வேளைகளில் அது உரிமைப் போராட்டமாகவும் மாறியது.

ஜே. கே. ரோலிங்கின் ஹாரி பாட்டர் வரிசை 1997-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. பிள்ளைகள் விரும்பிய அளவுக்கே பெரியோர் சிலர் அஞ்சினர். சூனியத்தைப் போற்றுகிறது, பெரியோர்க்குக் கீழ்ப்படியாமையைக் கற்பிக்கிறது என்பன குற்றச்சாட்டுகள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்குப்படி, 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் மிகுதியான எதிர்ப்பைச் சந்தித்த நூல்வரிசை இதுவே.

மிச்சிகன் மாநிலத்தின் சீலண்டு என்னும் ஊரில், 1999 நவம்பரில் பள்ளிக் கல்வித் தலைவர் இந்நூல்களை வகுப்பில் உரக்கப் படிக்கத் தடை விதித்தார். நூலகத்தில் பெற்றோர் இசைவின்றி வழங்கலாகாது என்றார். மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் எதிர்த்தனர். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெரும்பாலான கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. இதையொட்டி நாடளாவிய இயக்கம் ஒன்று எழுந்தது. நூல் விற்பனையாளரும் எழுத்துரிமை அமைப்பினரும் தொடங்கிய அவ்வியக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் திரளாகச் சேர்ந்தனர். அதன் பெயர் 'ஹாரி பாட்டருக்காக மகிள்கள்'. கதையில் மகிள் என்பது மந்திர ஆற்றல் இல்லாத எளிய மனிதரைக் குறிக்கும் சொல். மாயக் கதை படிக்கும் பிள்ளை தன்னை மந்திரவாதி என்றே எண்ணிவிடும் என்பது பெரியோர் அச்சம். அப்பிள்ளைகளோ தங்களை மந்திரமற்ற எளியவர் என்றே அழைத்துக்கொண்டனர். அந்த அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான விடை ஏது?

ஆர்கன்சா மாநிலத்தின் சீடர்வில் என்னும் சிற்றூரில் நிலைமை நீதிமன்றம் வரை சென்றது. அங்கே நூலகக் குழு நூல்களை வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்திருந்தும், 2002-இல் பள்ளிக் குழு மூவர்க்கு இருவர் என்ற வாக்கில் அவற்றை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைக்க ஆணையிட்டது. பெற்றோர் எழுத்துமூலம் ஒப்பினால்தான் நூல் கைக்கு வரும். தொடக்கப்பள்ளி மாணவி ஒருத்தியின் சார்பில் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவளுக்கு வீட்டில் தடையில்லை. ஒப்புதல் கொடுத்தால் நூல் கிடைத்துவிடும். ஆயினும் தீய பொருள் எனக் குறியிடப்பட்ட நூலை, மற்றவர் பார்க்க, கேட்டு வாங்கும் நிலையே ஒரு பிள்ளைக்குச் சுமை என்பதை 2003 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நூல்களைப் பொது அலமாரிக்கே திருப்புமாறு ஆணையிட்டது. கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து நூலை அகற்றலாகாது என்ற எண்ணத்துக்கு, மாணவர்களே தொடுத்த ஒரு வழக்கில் 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முன்பே வழி வகுத்திருந்தது.

நூலைப் படிக்க உரிமை இல்லாத இடத்தில் நூலைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை வெறும் சொல்லே. ஆகவே இளம் வாசகரின் தீர்ப்பு என்பது பொழுதுபோக்கு அன்று.

இரண்டு பட்டியல்கள்

இவ்வுணர்வு நூலகங்களிலும் வேரூன்றியது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு 2000 முதல் பிரின்ட்ஸ் விருதை வழங்குகிறது, தேர்வோர் நூலகர்கள். அதே பிரிவு 2003-இல் 'பதின்பருவத்தினரின் தலைசிறந்த பத்து' என்னும் பட்டியலையும் தொடங்கியது. நூலகங்களில் கூடும் இளம் வாசகர் குழுக்களே நூல்களை முன்மொழிவர். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதினரே வாக்களிப்பர். இங்கிலாந்திலும் 1936-இல் தொடங்கிய கார்னகி பதக்கத்துக்கு நூலகர்களே நடுவர். ஆயினும் இறுதிப் பட்டியலில் உள்ள நூல்களைப் பள்ளிதோறும் மாணவர் குழுக்கள் படித்து, நடுவரோடு கூடவே தாமும் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் பரவியது.

இவ்விரு தீர்ப்புகளும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. பெரியோர் நடையையும் கட்டமைப்பையும் புதுமையையும் நோக்குவர். இளையோர் வேறு சிலவற்றைக் கேட்பர். இவ்வுலகின் சட்டத்தை ஆசிரியர் தாமே மீறிவிட்டாரா? மந்திரத்துக்கு விலை உண்டா, இல்லை நினைத்தவுடன் எல்லாம் கைகூடுகிறதா? இந்தச் சாவு கதைக்குத் தேவையா, எங்களை அழவைப்பதற்காக மட்டும் நிகழ்ந்ததா? பிலிப் புல்மனின் முத்தொகுதி 2000-இல் 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' நூலோடு நிறைவுற்றது. அதன் முடிவில் லைராவும் வில்லும் தத்தம் உலகுக்குத் திரும்பி நிரந்தரமாகப் பிரிகின்றனர். ஏன் பிரிய வேண்டும் என்று கேளாத இளம் வாசகர் அரியர். அவர்கள் கேட்பது இன்பமுடிவை அன்று, காரணத்தை. படைத்த உலகின் சட்டப்படி வேறு வழியே இல்லையா என்று ஆராய்கின்றனர். ஒரு நூலை அதன் சொந்த இலக்கணத்தைக் கொண்டே அளப்பது திறனாய்வின் உயர்ந்த நெறிகளுள் ஒன்று. கலைச்சொல் அறியாமலே இப்பிள்ளைகள் அந்நெறியில் நடக்கின்றனர்.

இளையோரும் பிழைபடுவர்

இத்தனையும் சொல்வதால் இளம் வாசகர் பிழையே செய்யாதவர் என்று பொருளாகாது. சூசன் காலின்சின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008-இல் வெளிவந்தது. அதில் ரூ என்னும் சிறுமி கரும்பழுப்பு நிறத்தவள் என்று ஆசிரியர் தெளிவாகவே எழுதியிருந்தார். 2012-இல் திரைப்படத்தில் அவ்வாறே கருநிறச் சிறுமி நடித்தபோது, வாசகர் சிலர் வியந்தனர். சிலர் சினந்தும் பேசினர். எழுதியிருந்ததை அவர்கள் படித்திருந்தனர். ஆனால் பதிந்ததோ பழக்கம் தந்த படம். கெட்டை வெள்ளையனாக வரைந்த ஓவியருக்கும் இவர்களுக்கும் வேறுபாடில்லை. அப்போது ஆசிரியரின் வரிகளை எடுத்துக்காட்டித் திருத்தியோரும் அந்நூலின் வாசகரே.

எனவே இளையோர் சொல்வதெல்லாம் சரி என்று தலையசைப்பதும் மதிப்பன்று. அவர்களுக்கென்ன தெரியும் என்று ஒதுக்குவதும் முறையன்று. பெரியோர் ஒருவரின் கருத்தை எப்படி எடைபோடுவோமோ அப்படியே எடைபோட்டு, உடன்படும் இடத்தில் உடன்பட்டு, மாறுபடும் இடத்தில் காரணம் கூறி மாறுபடுவதே மெய்யான மதிப்பு. எவர் வாயிலிருந்து வந்தாலும் சொல்லின் உண்மையைக் காண்பதே அறிவு என வள்ளுவர் வகுத்த நெறியும் இதுவே.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

பத்தாண்டுகளாக நூலாய்வுக் கூட்டங்களை நடத்திவரும் இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைப்பது பொருந்தும். பதினோராம் ஆண்டு முதல், ஆண்டுக்கு ஓர் அமர்வேனும் பதின்பருவத்தினர்க்கு உரியதாகட்டும். நூலை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அது மாயக் கதையாக இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அவர்கள் பேசட்டும், மூத்தோர் கேட்கட்டும், பின்பு ஐயங்களை எழுப்பட்டும். மேடையில் பரிசும் பொன்னாடையும் தந்து பாராட்டி அனுப்பிவிடுவதைக் காட்டிலும், 'ஏன் அப்படிச் சொல்கிறாய்?' என்று ஒரு பிள்ளையைக் கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பது பெரிய பாராட்டு.

உருத்திரசன்மன் பேச இயலாதவன். அவன் கண்ணீரைப் பார்த்தே புலவர்கள் தீர்ப்பை உணர்ந்தனர். அவ்வளவு கூர்ந்து அவனை நோக்கினர். இன்றைய பிள்ளைகள் வாய் திறந்து பேசுகின்றனர். அவர்களை அதே அளவு கூர்ந்து கேட்பது மூத்தோர் கடமை.